புதுப்பேட்டையில் ஒரு ஸ்டீயரிங் தேடி...

புதுப்பேட்டை என்றதும் பலருக்கு 2006-ல் வந்த தனுஷ் படம்தான் ஞாபகம் வரும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டதும் கை பரபரக்கும். கடையில் கிடைக்காத பாகம், கம்பெனியே கைவிட்ட பாகம், எங்கேயும் இல்லை என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்கிய பாகம் எதுவானாலும், "எதுக்கும் புதுப்பேட்டையில ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார்" என்பார் மெக்கானிக்.

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கூவம் ஓடும் திசையில் நடந்தால் ஆதித்தனார் சாலை வரும். பழைய ஆட்கள் இன்னமும் ஹாரிஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அதையொட்டிய சந்துகளில் நுழைந்தால், கார்கள் தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும் உலகம். சட்டை தொங்குவதுபோலக் கதவுகள் தொங்கும். பம்பர்கள் விறகுக் கட்டுபோல அடுக்கியிருக்கும். கியர் பாக்ஸ்களின் மீது கால் வைத்துத்தான் சில கடைகளுக்குள் ஏற வேண்டும். தரையெல்லாம் ஆயில் கறை. கிரீஸ் வாடையும் டீ வாடையும் கலந்து வரும்.

தலைக்கு மேலே பாருங்கள். கம்பியில் கோத்த முறுக்கு மாதிரி ஸ்டீயரிங் வீல்கள் தொங்கும். பெரும்பாலானவை மாருதி, டாடா, மஹிந்திரா வண்டிகளுடையவை. அவற்றுக்கு நடுவே எப்போதாவது, மெலிந்த வளையமும் மெல்லிய கம்பிக் கால்களுமாக, தந்த நிறத்தில் ஒன்று தென்படும். அதைத் தேடித்தான் சிலர் இங்கே வருகிறார்கள். பலர் கையிலேயே துணியில் சுற்றிய பழைய வீல் ஒன்று இருக்கும். அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியின் வீல் அது.

வரும்போது அவர்கள் மனதில் ஒரே கேள்விதான். இதைச் சரி செய்வதா, வேறு ஒன்று வாங்கி மாட்டுவதா?

மூன்று வண்டிகள்

இங்கே பழைய வீல் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மூன்று வண்டிகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி, 2014 மே மாதம் வரை வந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய வண்டி என்பதால் பாகங்களுக்குப் பஞ்சம் குறைவு.

இரண்டாவது ஃபியட். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100 வகை. 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையிலிருந்து விடைபெற்றன.

மூன்றாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது சென்னையின் சொந்தப் பிள்ளை. பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, வண்டலூருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் தயாரித்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது டிரையம்ஃப் ஹெரால்டின் பெருமை. குறுகலான தெருவில் ஹெரால்டை ஓட்டியவர்கள் இதை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதில் கெசல் வந்தது. பிறகு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையின் கார் கதையே முடிந்துபோனது.

ஆகவே ஹெரால்டு வீல் தேடுபவரின் பாடுதான் திண்டாட்டம். புதிதாகச் செய்து தரக் கம்பெனி இல்லை. இருப்பதைக் காப்பாற்றுவதோ, இன்னொரு ஹெரால்டிலிருந்து கழற்றியதைக் கண்டுபிடிப்பதோதான் வழி.

வளையம் ஏன் வெடிக்கிறது?

காரில் ஸ்டீயரிங் வளையம் வந்ததே கொஞ்சம் தாமதமாகத்தான். ஆரம்ப காலக் கார்களில் படகின் சுக்கான்போல ஒரு நீளக் கைப்பிடிதான் இருந்தது. 1894-ல் நடந்த பாரிஸ் - ரூவான் போட்டியில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தன் பான்ஹார்டு வண்டியில் வட்ட வளையம் பொருத்தி ஓட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

பழைய வண்டியின் வளையத்துக்குள்ளே இரும்பு எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. நடுவில் குடம், அதிலிருந்து பிரியும் இரண்டோ மூன்றோ கால்கள், சுற்றிலும் ஒரு கம்பி வளையம். இதன் மேல்தான் கெட்டி ரப்பரையோ, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கையோ வார்த்திருப்பார்கள். கைக்குப் படுவது இந்தச் சதைதான். வண்டியைத் திருப்பும் பலத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எலும்பு.

வெயில் பட்டால் இரும்பு கொஞ்சம் விரியும், பிளாஸ்டிக் அதைவிட அதிகமாக விரியும். இரவில் இரண்டும் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. வருடம் முழுவதும் இந்த இழுபறி நடக்கிறது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் பொருள் வருடங்கள் ஆக ஆக ஆவியாகி வெளியேறிவிடும். பொருள் வறண்டு சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. எங்காவது வெடித்துத்தானே ஆக வேண்டும்? பெரும்பாலும் கால்கள் வளையத்தைத் தொடும் இடத்தில்தான் முதல் விரிசல் விழும். அதன் வழியே வியர்வையும் ஈரக்காற்றும் உள்ளே இறங்கி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பும். விரிசல் இன்னும் அகலும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு மே மாத வெயிலில் நிறுத்தப்படும் ஒரு சென்னைக் காருக்கு இது நேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் எலும்பைப் பாருங்கள்

சரி செய்யலாமா, மாற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் மேற்பூச்சில் இல்லை. எலும்பில் இருக்கிறது.

சதை வெடித்திருந்தால், எத்தனை இடத்தில் வெடித்திருந்தாலும் சரி செய்துவிடலாம். ஒரு விரற்கடை அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உள்கம்பி அறுந்திருந்தால், கால் வளைந்திருந்தால், குடத்தில் விரிசல் இருந்தால், குடத்தின் உட்பற்கள் தேய்ந்திருந்தால் அந்த வீலுக்கு ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். வண்டியில் மாட்டக் கூடாது.

"ஒரு வெல்டிங் வச்சுட்டா போதும் சார், மேல பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சா தெரியவே தெரியாது" என்று யாராவது சொன்னால், அங்கேதான் ஜாக்கிரதை தேவை. தெரியாது என்பதுதான் ஆபத்து. பளபளவென்று புதுப் பெயிண்டோடு இருக்கும் வீலின் உள்ளே பாதி அறுந்த கம்பி இருந்தால், அது வீட்டு வாசலில் உடையாது. லாரிக்கு ஒதுங்க வேகமாக ஒடிக்கும்போதுதான் உடையும். பழைய வண்டிகளில் ஏர்பேக் கிடையாது. பலவற்றில் சீட் பெல்ட்டும் கிடையாது.

சோதனை எளிதுதான். வீலைச் சமமான கடப்பைக் கல்லின் மீது கவிழ்த்து வையுங்கள். வளையம் சுற்றிலும் கல்லைத் தொட வேண்டும். எங்காவது தூக்கி நின்றால் வளைந்திருக்கிறது என்று பொருள். பிறகு வளையத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் நெளிந்தாலோ, அங்கே சதையைச் செதுக்கிக் கம்பியைக் கண்ணால் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

கழற்றுவதும் ஒரு வித்தை

வீலைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில் அல்ல, அவசரம். சுத்தியலால் பின்னாலிருந்து தட்டித் தட்டி எடுத்தே பல நல்ல வீல்கள் பாழாகின்றன. ஸ்டீயரிங் ராடும் சேர்ந்து அடி வாங்கும்.

முறைப்படி செய்பவர், முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார். முன்சக்கரங்களை நேராக வைப்பார். நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனை எடுத்தால், உள்ளே ஒரு பெரிய நட்டு தெரியும். அதைத் தளர்த்துவதற்கு முன்பே, குடத்துக்கும் ராடுக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்து அடையாளம் வைத்துக்கொள்வார். இந்த ஒரு கோட்டை மறந்தால், திரும்ப மாட்டும்போது வண்டி நேராகப் போகும், வீல் மட்டும் கோணலாக நிற்கும்.

நட்டை முழுவதும் கழற்றிவிட மாட்டார். இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கும்படி விட்டுவிட்டு, புல்லர் மாட்டி இழுப்பார். இறுகிக் கிடந்த வீல் பட்டென்று விடுபடும்போது, அந்த நட்டுதான் அதைத் தடுத்து நிறுத்தும். இல்லையென்றால் இழுப்பவர் மூக்கு உடையும்.

இதெல்லாம் பழைய வண்டிக்கான வழி. ஏர்பேக் உள்ள இன்றைய கார்களில் இப்படிக் கை வைக்கவே கூடாது.

பட்டி, உப்புத்தாள், பொறுமை

சரி செய்யும் வேலைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது நாட்கள்.

விரிசலின் மேல் அப்படியே பட்டியைத் தடவினால் ஒரு கோடைகூடத் தாங்காது. ஆக்ஸா பிளேடால் விரிசலை அகலப்படுத்தி, மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். இரும்பு தெரியும்வரை இறங்க வேண்டும். துருவைச் சுரண்டி, பல வருடத்துக் கை எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும். கிரீஸ் துளி இருந்தாலும் பட்டி ஒட்டாது.

அடுத்து, இரண்டு பொருளைச் சேர்த்துப் பிசையும் எபாக்ஸி பட்டியைப் பள்ளத்தில் அழுத்தி, மேலே சற்றுப் புடைத்து நிற்கும்படி நிரப்ப வேண்டும். டிங்கர் கடையில் கதவு சொட்டைக்குப் போடும் பட்டி இதற்கு உதவாது. அது வளைந்துகொடுக்காது, பிடிப்பும் குறைவு. எபாக்ஸி ஒரு நாள் முழுக்க இறுகட்டும். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இறுகிய பிறகு உப்புத்தாள். 80-ம் நம்பரில் தொடங்கி, 120, 220, 400 என்று படிப்படியாக நயமாக்க வேண்டும். மூக்கில் மாஸ்க் கட்டாயம். வளையத்தின் பின்புறம் விரல்கள் பதிய அலை அலையாகப் பள்ளங்கள் இருக்குமே, அங்கேதான் கைப்பழக்கம் தெரியும். பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி ஒவ்வொரு பள்ளமாகத் தேய்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எது பழைய பள்ளம், எது புதியது என்று தெரியக் கூடாது. அதுதான் பரீட்சை.

பிறகு பிரைமர், மெல்லிய பூச்சுகளாக நிறம், மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு. பெயிண்ட் நன்றாகக் காயும்வரை சில நாட்கள் கை வைக்காமல் விட வேண்டும். கை வியர்வை பட்டால் ஈரப் பெயிண்ட் பிசுபிசுத்துப் போகும்.

தோல் உடுத்தலாமா?

புதுப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டி அண்ணா சாலைக்கு வந்தால், ராயப்பேட்டை பக்கம் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கு என்றால், இது புதுப் பாகங்களுக்கும் அலங்காரத்துக்கும். சீட் கவர், மேட், விளக்கு, ஹாரன் எல்லாம் வரிசை கட்டி நிற்கும்.

விலை மலிவான ரெக்சின் கவரை வீலின் மேல் சும்மா மாட்டிக்கொள்வது பலர் செய்வது. பழைய வண்டியின் வளையம் மெலிந்தது என்பதால், அந்தக் கவர் கைக்குள் சுழலும். கை திருப்பும், கவர் திரும்பும், வீல் திரும்பாது. விரிசலையும் அது மறைத்துவிடும்.

தோல்தான் வேண்டும் என்றால் தைத்துப் போடுவதே முறை. வளையத்தின் சுற்றளவை அளந்து, தோலை ஓரத்தில் மெலிதாகச் சீவி, சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து உட்புறமாகத் தைத்துக்கொண்டே வருவார்கள். தோல் கொஞ்சம் சிறியதாகவே வெட்டியிருக்கும். இழுத்துத் தைக்கும்போதுதான் அது வளையத்தோடு ஒட்டிப் பிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் பக்கத்திலேயே இருக்கும் மாநிலத்தில் நல்ல தோலுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் தோல் உடுத்தினால் அந்தத் தந்த நிற வளையமும், விரல் பள்ளங்களும் மறைந்துவிடும். ஹெரால்டு, ஃபியட் போன்ற வண்டிகளுக்கு அது பொருந்தாத சட்டை மாதிரிதான்.

வேறு வீல் வாங்குவதானால்...

எலும்பே போய்விட்டது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கும் சில கணக்குகள் உண்டு.

ஒன்று, உட்பற்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வீல்களின் குடத்தில் பற்களின் எண்ணிக்கையோ, துளையின் அளவோ வேறாக இருக்கலாம். அதனால்தான் அனுபவசாலிகள் உடைந்த வீலைக் கையோடு கொண்டுவருகிறார்கள். போனில் எடுத்த படம் போதாது. "உள்ளே போய் உட்கார்ந்துடுச்சு" என்பதும் போதாது. கையால் அழுத்தினால் ஆட்டமில்லாமல் இறங்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு, அளவு. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் வீலைப் பெரிதாக வைத்ததே, திருப்பும் பலத்தைக் குறைக்கத்தான். ஆசைக்கு ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் வீலை மாட்டினால், 16 அங்குலத்திலிருந்து 13 அங்குலத்துக்கு இறங்கும்போது கைக்கு வேண்டிய பலம் கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். நெடுஞ்சாலையில் தெரியாது. பார்க்கிங்கில் நிறுத்தும்போது தோள்பட்டை சொல்லும்.

மூன்று, ரசீது. புதுப்பேட்டையைப் பற்றி ஊரில் ஆயிரம் கிண்டல் உண்டு. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு, பில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

நான்கு, அரசு விதி. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதிகள் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய நிலையில் பராமரித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்த முடியாது. விதியில் ஸ்டீயரிங் வளையம் தனியாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் கண்காட்சிகளில் பழைய வண்டி பார்க்க வருபவர்களின் கண் முதலில் போவது கதவுக் கண்ணாடி வழியே உள்ளேதான். அங்கே தெரிவது வீல்.

மாட்டி முடித்ததும் நேரே மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும். இண்டிகேட்டர் தானாகத் திரும்புகிறதா, ஹாரன் எந்தக் கோணத்திலும் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் ஓட்டிய பிறகு நட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

முடித்த வேலையைப் பார்க்க

ஒழுங்காக மீட்டெடுத்த பழைய வீல்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. சென்னை வடபழனியில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியத்தில், ஏவிஎம் குடும்பம் சேர்த்து வைத்த பழைய கார்கள் நிற்கின்றன. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லும் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால், பெயிண்டையும் லோகோவையும் பார்ப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு வண்டியின் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மரம், ரப்பர், பிளாஸ்டிக், தோல் என்று நூறு வருடக் கதை அதிலேயே தெரியும்.

புதுப்பேட்டையில் அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நடக்கிறது. உடைக்க வரும் ஹெரால்டுகள் இனி கிட்டத்தட்ட இல்லை. அதனால் மேலே தொங்கும் வளையங்களில் பழையது வருடத்துக்கு வருடம் குறையும். நல்ல எலும்போடு வீட்டில் கிடக்கும் வெடித்த வீல்தான் இனி மிச்சமிருக்கும் ஒரிஜினல்.

அப்படி ஒன்று பரணில் இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வளையத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் பிளாஸ்டிக் வழவழவென்று தேய்ந்திருக்கும். வருடக்கணக்கில் ஒருவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிப்போன இடம் அது. நல்ல கைக்காரர் விரிசலை மட்டும் அடைப்பார், அந்தத் தேய்மானத்தில் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்வார்.